ஒட்டுப் படங்களின் கதை

நம் ஊர் வீடுகளில் கூடத்துச் சுவரைக் கவனித்திருப்பீர்கள். சாமி படங்களுக்குப் பக்கத்தில் சட்டம் போட்ட பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள் வரிசையாகத் தொங்கும். அதில் ஒன்றில் தாத்தாவும் பாட்டியும் நாற்காலியில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். கொஞ்சம் உற்றுப் பார்த்தால் தாத்தா முகத்தில் இடப்பக்கம் நிழல் இருக்கும், பாட்டி முகத்தில் வலப்பக்கம். தாத்தாவின் தோள் ஓரத்தில் கத்தரியால் வெட்டிய மாதிரி ஒரு கோடு. விசாரித்தால் விஷயம் வெளியே வரும். தாத்தா இருந்தவரை இரண்டு பேரும் சேர்ந்து ஒரு படம் எடுத்துக்கொண்டதே இல்லை. அவர் போன பிறகு, வேறெதற்கோ எடுத்த படத்திலிருந்து அவரைப் பெயர்த்து, டவுன் ஸ்டூடியோக்காரர் பாட்டிக்குப் பக்கத்தில் உட்கார வைத்திருக்கிறார்.

ஊரை விட்டு வந்த நம் மாதிரிக் குடும்பங்களுக்கு இந்த வேலை இன்னும் அதிகமாகத் தேவைப்படுகிறது. அண்ணன் மஸ்கட்டில், தங்கை நாக்பூரில், அப்பா அம்மா ஊரில். எல்லாருக்கும் ஒரே நேரத்தில் லீவு கிடைத்து, ரயில் டிக்கெட்டும் கிடைத்து, ஒரே வாசலில் நின்று படம் எடுப்பது என்பது பத்து வருஷத்துக்கு ஒரு முறை நடந்தால் பெரிய விஷயம். அதனால் தனித்தனியாக எடுத்த படங்களைச் சேர்த்து ஒன்றாக்கச் சொல்லி யாரையாவது கேட்கிறோம்.

இது ஃபோட்டோஷாப் வந்த பிறகு தொடங்கிய பழக்கம் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. ஃபோட்டோகிராஃபி என்ற ஒன்று உலகத்துக்கு அறிவிக்கப்பட்டது 1839-இல். அடுத்த இருபது வருஷத்துக்குள் ஒட்டு வேலை ஒரு தனிக் கலையாகவே வளர்ந்துவிட்டது. அதோடு சேர்ந்து ஒரு சண்டையும் வந்துவிட்டது. "இது பொய்யா, இல்லையா?" என்ற சண்டை. அது இன்றுவரை ஓயவில்லை. நம் வீட்டுப் படங்களுக்கும் அந்தக் கேள்வி பொருந்தும் என்பதால்தான் இந்தக் கதையை எழுதுகிறேன்.

வேறொரு நாள் எடுத்த வானம்

முதல் காரணம் ஆசை இல்லை, ரசாயனம். 1850-களில் கண்ணாடித் தகட்டில் கொலோடியன் என்ற கரைசலைப் பூசி, அது ஈரமாக இருக்கும்போதே படம் எடுப்பார்கள். இந்தத் தகட்டுக்கு நீல ஒளி என்றால் உயிர். மற்ற நிறங்கள் அதில் அவ்வளவாகப் பதியாது. தரை சரியாக விழும்வரை திறந்து வைத்தால், அதற்குள் வானம் அளவுக்கு மீறிப் பதிந்து வெறும் வெள்ளையாகிவிடும். வானத்துக்காகச் சீக்கிரம் மூடினால் தரை இருட்டாகிவிடும்.

பிரான்ஸின் குஸ்தாவ் லெ கிரே இதற்கு ஒரு வழி செய்தார். தெற்கு பிரான்ஸில் உள்ள செத் துறைமுகத்தில் 1857-இல் எடுத்த 'பெரும் அலை' என்ற படத்தில் கடலுக்கு ஒரு நெகட்டிவ், மேகத்துக்கு ஒரு நெகட்டிவ். கடலும் வானமும் சந்திக்கும் கோட்டில் இரண்டையும் சேர்த்து அச்சிட்டார். அங்கே இயற்கையாகவே ஒரு கோடு இருப்பதால் இணைப்பு கண்ணுக்குத் தெரியாது. அவருடைய ஒரே மேகம் வேறு வேறு கடல்களுக்கு மேலேயும் வந்து நிற்கிறது!

இன்று நம் கையில் இருக்கும் செல்ஃபோன் இதே காரியத்தை நம்மைக் கேட்காமலே செய்கிறது. கண் இமைக்கும் நேரத்தில் பல படங்களை எடுத்து, வானத்தை ஒன்றிலிருந்தும் முகத்தை இன்னொன்றிலிருந்தும் சரிசெய்து ஒரே படமாகத் தருகிறது. அந்தக் கணக்கில் பார்த்தால் நாம் எல்லாருமே தினமும் ஒட்டுப் படம்தான் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

முப்பதுக்கும் மேற்பட்ட நெகட்டிவ்கள்

அதே 1857-இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஒரு பெரிய கலைக் கண்காட்சி நடந்தது. அங்கே ஆஸ்கர் ரெய்லாண்டர் என்பவர் 'வாழ்வின் இரு வழிகள்' என்ற படத்தை வைத்தார். பிறப்பால் ஸ்வீடன்காரர், தொழில் செய்தது இங்கிலாந்தின் உல்வர்ஹாம்ப்டன் நகரத்தில். படத்தின் நடுவில் ஒரு பெரியவர், அவருக்கு இரண்டு பக்கமும் இரண்டு இளைஞர்கள். ஒருவன் உழைப்பு, படிப்பு, பக்தி என்று ஒரு பக்கம் போகிறான். இன்னொருவன் சூது, மது, மாது என்று மறுபக்கம் போகிறான். மேடை நாடகத்தின் கடைசிக் காட்சி மாதிரி எல்லாரும் ஒரே படத்தில் நிற்கிறார்கள்.

இத்தனை பேரை ஒரே நேரத்தில் நிறுத்த அவரிடம் இடமும் இல்லை, வெளிச்சமும் இல்லை. அதனால் சிறு சிறு குழுக்களாகத் தனித்தனியே எடுத்தார். மொத்தம் முப்பதுக்கும் மேற்பட்ட நெகட்டிவ்கள். ஒரு நெகட்டிவைக் காகிதத்தின் மேல் வைத்து, மற்ற இடத்தையெல்லாம் மறைத்து, வெயிலில் காட்ட வேண்டும். பிறகு அடுத்த நெகட்டிவ். பிறகு அடுத்தது. ஆறு வாரம் ஆயிற்று. அவ்வளவு பெரிய காகிதம் கிடைக்காததால் இரண்டு தாள்களைச் சேர்த்துக்கொண்டார்.

இதில் நாம் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. நெகட்டிவ் எந்த அளவோ அதே அளவில்தான் அன்று அச்சு விழும். பெரிதாக்குவது, சிறிதாக்குவது எல்லாம் நடைமுறையில் கிடையாது. பின்னால் நிற்பவர் சிறியதாகத் தெரிய வேண்டுமானால், அவரை எடுக்கும்போதே கேமராவிலிருந்து அந்த அளவுக்குத் தள்ளி நிறுத்தியிருக்க வேண்டும். அதாவது முழுப் படமும் முதலில் மனத்தில் முடிந்திருக்க வேண்டும். இன்று மௌஸால் இழுத்து அளவை மாற்றும் நமக்கு இந்தக் கவலை இல்லை. அதனால்தானோ என்னவோ நம் படங்களில் மாமா பக்கத்தில் நிற்கும் அத்தை ஏழடி உயரமாக இருக்கிறார்.

விக்டோரியா மகாராணி பத்து கினி கொடுத்து ஒரு பிரதியை வாங்கினார். ஆனால் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் அந்தப் படத்தின் தீய வழிப் பாதியைத் திரை போட்டு மறைத்துத்தான் காட்டினார்கள். ஓவியத்தில் ஆடையில்லாத உடம்பைப் பார்த்துப் பழகியவர்கள்தான். ஃபோட்டோவில் பார்த்தபோது, 'இது உண்மையான ஒரு பெண்' என்பது உறுத்திவிட்டது. ரெய்லாண்டரோ தான் செய்த முறையை ஒளிக்கவே இல்லை. எப்படிச் செய்தேன் என்று சபையில் விளக்கியே பேசினார். அதன் பிறகு பாராட்டைவிட ஏச்சுத்தான் அதிகம் வந்தது. கொஞ்ச நாளில் ஒட்டுப் படமே அலுத்துவிட்டது என்கிற அளவுக்குப் போய்விட்டார்.

அடுத்த வருஷம், 1858-இல், ஹென்றி பீச் ராபின்சன் 'மங்கி மறைதல்' என்று ஒரு படம் வெளியிட்டார். காசநோயில் சாகக் கிடக்கும் ஒரு பெண், பக்கத்தில் அக்காவும் அம்மாவும், ஜன்னல் பக்கம் திரும்பி முதுகைக் காட்டி நிற்கும் அப்பா. ஐந்து நெகட்டிவ்கள். நோயாளியாக நடித்த பெண்ணுக்கு ஒரு நோயும் இல்லை. பார்த்தவர்களில் ஒரு பகுதியினர் கொதித்துப்போனார்கள். சாவுப் படுக்கைப் பக்கத்தில் கேமராவைக் கொண்டுபோவதா என்று கோபம். ஓவியர்கள் எத்தனையோ சாவுப் படுக்கைகளை வரைந்திருந்தார்கள், அதற்கு யாரும் கோபப்படவில்லை. ஃபோட்டோ என்றால் அந்த இடத்தில் அது நடந்தது என்று மக்கள் அதற்குள் நம்பத் தொடங்கிவிட்டார்கள். அந்த நம்பிக்கைதான் ஒட்டுப் படத்தின் பலம். அதன் ஆபத்தும் அதுவே.

முந்நூறு பேர் ஸ்டூடியோவுக்கு வந்த கதை

எனக்கு இந்த வரலாற்றிலேயே ரொம்பப் பிடித்தவர் கனடாவின் மான்ட்ரியல் நகரத்தில் ஸ்டூடியோ வைத்திருந்த வில்லியம் நாட்மன். ஸ்காட்லாந்திலிருந்து குடிபெயர்ந்தவர். நம்மைப் போலப் பிழைக்கப் போன ஆள்.

1870-இல் அங்கே உள்ள விக்டோரியா பனிச்சறுக்குக் கூடத்தில் இளவரசர் ஆர்தருக்காக மாறுவேடத் திருவிழா நடந்தது. உள்ளே வெளிச்சம் போதாது, ஆட்களோ சறுக்கிக்கொண்டே இருக்கிறார்கள். அன்றைய தகட்டில் அதைப் பிடிக்கவே முடியாது. நாட்மன் என்ன செய்தார் என்றால், யார் எங்கே நிற்க வேண்டும் என்று முதலில் படமாக வரைந்துகொண்டார். பிறகு கலந்துகொண்டவர்களை அவரவர் வேடத்தோடு ஸ்டூடியோவுக்கு வரவழைத்து ஒவ்வொருவராக எடுத்தார். சுமார் முந்நூறு பேர்! ஒவ்வொருவரையும் கத்தரித்து, வரைந்த பின்னணியின் மேல் ஒட்டி, முழுவதையும் மறுபடி படம் எடுத்தார். பனிக்கட்டித் தரை வேண்டும் என்றால் மெருகேற்றிய துத்தநாகத் தகடு, பனிக்கு உப்பு என்று ஸ்டூடியோவுக்குள்ளேயே குளிர்காலத்தைக் கொண்டுவரும் வித்தையும் அவருக்குத் தெரியும்.

வந்த எல்லாரும் அதே ஸ்டூடியோ வெளிச்சத்தில் நின்றதால், ஒட்டிய பிறகு ஒருவர் முகத்து நிழலும் அடுத்தவர் முகத்து நிழலும் சண்டை போடவில்லை. நம் தாத்தா பாட்டி படத்தில் கோட்டை விட்டது இந்த இடத்தில்தான்.

இந்தப் படத்தைப் பொய் என்று மான்ட்ரியலில் யாரும் சண்டை போட்டதாகத் தெரியவில்லை. ஏன் போட வேண்டும்? திருவிழா நடந்தது உண்மை. படத்தில் இருப்பவர்கள் அங்கே போனது உண்மை. தனித்தனியாக எடுத்து ஒட்டினார்கள் என்பது அந்த முந்நூறு பேருக்குமே தெரியும், அவர்கள்தானே நேரம் குறித்துக்கொண்டு வந்து நின்றார்கள்! படம் எடுத்த முறை மட்டும்தான் வேறு.

போர்க்களத்தில் ஒட்டு

இனி வருவது கொஞ்சம் சிக்கலானது. ஆஸ்திரேலியாவின் ஃப்ராங்க் ஹர்லி முதல் உலகப் போரில் அந்நாட்டின் அதிகாரப்பூர்வப் படக்காரர். அதற்கு முன் ஷேக்கிள்டனோடு தென் துருவப் பக்கம் போய், கப்பல் பனியில் நொறுங்குவதைப் படம் எடுத்துத் திரும்பியவர். தைரியத்தில் குறை சொல்ல முடியாது. 1917-இல் பெல்ஜியம் போர்முனையில் அவருக்கு ஒரு ஆதங்கம். பதுங்குகுழியிலிருந்து வீரர்கள் எழுவது ஒரு நொடி, குண்டு வெடிப்பது இன்னொரு நொடி, மேலே விமானம் பறப்பது வேறொரு நொடி. ஒரே தகட்டில் எல்லாம் சேர்ந்து விழுவதே இல்லை. அதனால் ஒட்டினார். ஸோன்பெக் சண்டையைக் காட்டும் படம் ஒன்றில் மட்டும் 12 நெகட்டிவ்கள்.

போர் வரலாற்றை எழுதிக்கொண்டிருந்த சார்லஸ் பீன் இதை ஒப்புக்கொள்ளவில்லை. போலி என்றே சொன்னார். செத்தவர்களைப் பற்றிய ஆவணத்தில் கற்பனை கலக்கக் கூடாது என்பது அவர் கட்சி. ஹர்லி ராஜினாமா செய்வேன் என்று மிரட்டினார். கடைசியில் சில ஒட்டுப் படங்களுக்கு மட்டும் அனுமதி கிடைத்து, 1918-இல் லண்டன் கண்காட்சியில் ஸோன்பெக் படம் ஒரு சுவர் அளவுக்குப் பெரிதாக்கி வைக்கப்பட்டது. சுமார் 21 அடிக்கு 15 அடி. கூட்டம் அலைமோதியது.

யார் பக்கம் நியாயம்? அவர் காட்டிய ஒவ்வொரு துண்டும் உண்மைதான். சேர்த்து வைத்த அந்தக் கணம் மட்டும் நடக்கவே இல்லை. என் ஓட்டு பீனுக்குத்தான். ஆனால் ஹர்லியின் ஆதங்கமும் புரிகிறது.

86 வருஷம் கழித்து அதே கதை மறுபடியும் வந்தது. 2003 ஈராக் போரில் பாஸ்ரா பக்கம் லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் படக்காரர் பிரையன் வால்ஸ்கி எடுத்த படம். பிரிட்டிஷ் சிப்பாய் ஒருவர் கையைக் காட்டி மக்களை உட்காரச் சொல்கிறார், குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒருவர் எழுந்து வருகிறார். அடுத்தடுத்து எடுத்த இரண்டு படங்களில் ஒன்றில் சிப்பாய் நன்றாக இருந்தார், மற்றதில் அந்த மனிதர். இரண்டையும் சேர்த்துவிட்டார். பின்னால் உட்கார்ந்திருந்த சிலர் ஒரே படத்தில் இரண்டு முறை தெரிந்ததை வேறொரு பத்திரிகை அலுவலகத்தில் கண்டுபிடித்தார்கள். வேலை போயிற்று.

இன்னும் ஒரு படி கீழே போனால் அரசியல். 1950-இல் அமெரிக்காவின் மேரிலாண்ட் மாநிலத்தில் செனட்டர் மில்லர்ட் டைடிங்ஸ் தேர்தலில் நின்றார். கம்யூனிஸ்ட் தலைவர் ஏர்ல் ப்ரௌடரோடு அவர் நெருக்கமாகப் பேசுவது போல ஒரு படம் பிரசுரமாகி வீடு வீடாகப் போயிற்று. 1938-இல் டைடிங்ஸ் எதையோ கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்த படத்தின் பக்கத்தில் ப்ரௌடரை ஒட்டியிருந்தார்கள். அடிக்குறிப்பில் 'ஒட்டுப் படம்' என்று போட்டும் இருந்தார்கள். படத்தைப் பார்ப்பவர் அடிக்குறிப்பையா படிக்கிறார்? டைடிங்ஸ் தோற்றுப்போனார். தோல்விக்குப் பல காரணம் இருந்தாலும், இந்தப் படம் செனட் விசாரணை வரை போயிற்று.

ஆக மூன்று வகை. நடந்ததை வேறு முறையில் காட்டுவது ஒன்று. நடந்த துண்டுகளைச் சேர்த்து நடக்காத ஒரு கணத்தை உண்டாக்குவது இரண்டு. நடக்காத உறவையே உண்டாக்குவது மூன்று. கத்தரியும் பசையும் மூன்றிலும் ஒன்றுதான்.

நம் நாட்டில்

இந்தியாவில் இந்தக் கலை தனக்கென்று ஒரு வழியில் போயிற்று. ராஜஸ்தானில் நாத்துவாராவில் ஸ்ரீநாத்ஜி கோயிலுக்கு வரும் பக்தர்களின் முகத்தை ஃபோட்டோ எடுத்து, வரைந்த படத்தில் ஒட்டி, அவர்கள் சாமிக்கு முன்னால் நின்று சேவிப்பது போலச் செய்து கொடுப்பார்கள். முகம் ஃபோட்டோ, உடம்பும் உடையும் ஓவியம். வாங்குகிறவருக்கு அது ஒட்டு என்று நன்றாகத் தெரியும். ஊருக்கு எடுத்துப்போய்ப் பூஜை அறையில் மாட்டுவார்.

மத்தியப் பிரதேசத்தின் நாக்தா என்ற சிறு ஊரின் ஸ்டூடியோக்களைப் பற்றி மானிடவியலாளர் கிறிஸ்டோஃபர் பின்னி 1997-இல் 'கேமரா இண்டிகா' என்ற புத்தகம் எழுதினார். ஒரே ஆள் ஒரே படத்தில் இரண்டு முறை தோன்றுவதெல்லாம் அங்கே சகஜம். நமக்கு இது புதிதா என்ன? 1940-இல் பி.யு.சின்னப்பாவும் 1958-இல் சிவாஜியும் 'உத்தமபுத்திரன்' படங்களில் இரட்டை வேடம் போட்டார்களே. லென்ஸில் பாதியை மறைத்து ஒரு பக்கம் எடுத்து, பிலிமைத் திருப்பிச் சுற்றி, மறுபாதியை மறைத்து இன்னொரு பக்கம் எடுப்பதுதான் அந்தக் காலத்து 'மாஸ்க்' முறை. நடுவில் கேமரா ஒரு நூல் அசைந்தாலும் குட்டு வெளிப்பட்டுவிடும். தியேட்டரில் இருந்த ஒருவரும் ஏமாறவில்லை, ஒருவரும் ரசிக்காமலும் இல்லை.

இந்த விஷயத்தில் டில்லித் தமிழர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய ஒரு குடும்பம் உண்டு. கே.வி.கே.சுந்தரம், தமிழர், ஐ.சி.எஸ். அதிகாரி, 1958 முதல் 1967 வரை தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்தவர். அவர் மணந்தது ஓவியர் அம்ரிதா ஷெர்கிலின் தங்கை இந்திராவை. அவர்கள் மகன் ஓவியர் விவான் சுந்தரம் (1943–2023). அம்ரிதா 1941-இல் 28 வயதில் இறந்துவிட்டார். அதாவது பெரியம்மாவை விவான் பார்த்ததே இல்லை. ஆனால் தாத்தா உம்ராவ் சிங் வாழ்நாள் முழுவதும் குடும்பத்தைப் படம் எடுத்துத் தள்ளியவர். அந்தப் படங்களைக் கம்ப்யூட்டரில் சேர்த்து விவான் 2001, 2002 ஆண்டுகளில் ஒரு வரிசை செய்தார். சிறுமி அம்ரிதாவும் வளர்ந்த அம்ரிதாவும், வேறு வேறு ஊரில் வேறு வேறு வருஷம் இருந்த அப்பாவும் மகள்களும், ஒரே அறையில் சந்திக்கிறார்கள். நடக்கவே முடியாத சந்திப்பு என்பது பார்த்தவுடன் தெரிகிறது. அதனாலேயே அதில் பொய் இல்லை. இல்லாமல் போனவர்களைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் ஆசை மட்டும் அப்படியே தெரிகிறது.

நம் வீட்டுப் படம் எந்த வகை?

பாட்டி பக்கத்தில் தாத்தாவை உட்கார வைத்த படம் நாட்மன் வகை. நாற்பது வருஷம் சேர்ந்து வாழ்ந்தது உண்மை. கேமரா மட்டும்தான் அப்போது இல்லை. மகள் கல்யாணத்தில், இரண்டு வருஷம் முன்பு போன அப்பாவை மேடையில் நிறுத்துவது ஹர்லி வகைக்குப் பக்கத்தில் வருகிறது. செய்யக் கூடாது என்று சொல்ல நான் யார்? அம்மா கண் துடைத்துக்கொண்டு அந்தப் படத்தைத் தடவிப் பார்ப்பதற்கு முன்னால் எந்த வாதமும் நிற்காது. இன்று வீட்டில் இருக்கும் எல்லாருக்கும் அது ஒட்டு என்று தெரியும். பேரன் பேத்திக்குத் தெரியாது. ஊரையே விடுமுறையில் மட்டும் பார்க்கும் பிள்ளைகளுக்குக் குடும்ப வரலாறு என்பதே பெரும்பாலும் இந்த ஆல்பம்தான். "தாத்தா அம்மா கல்யாணத்துக்கு வந்திருக்காரே" என்று முப்பது வருஷம் கழித்து அவர்கள் சொல்லும்போது திருத்த ஆள் இருக்க வேண்டும்.

செய்வதானால் நன்றாகச் செய்யுங்கள். வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று இரண்டு படத்திலும் மூக்கு நிழலைப் பாருங்கள். கேமரா எந்த உயரத்தில் இருந்தது என்று பாருங்கள். கீழேயிருந்து எடுத்தவரை, மேலேயிருந்து எடுத்தவர் பக்கத்தில் நிறுத்தினால் ஒட்டவே ஒட்டாது. செல்ஃபோனில் முகத்துக்கு அருகே எடுத்த செல்ஃபியில் மூக்கு பெருத்திருக்கும், அதைக் குழுப் படத்துக்கு எடுக்காதீர்கள். நிற்பவர் காலடியில் நிழல் இல்லையென்றால் அவர் மிதப்பார். இணைப்பைப் புடவை மடிப்பு, நாற்காலி விளிம்பு, தூண் மாதிரி ஏற்கெனவே கோடு இருக்கும் இடத்தில் வையுங்கள்.

இப்போது இதற்கெல்லாம் பொறுமை தேவையில்லை. கூகுள் பிக்ஸல் ஃபோனில் 2024-இல் வந்த ஒரு வசதி, படம் எடுத்தவரையும் அந்தக் குழுவுக்குள் சேர்த்துவிடுகிறது. செயற்கை நுண்ணறிவு மென்பொருள்கள் அப்பாவைப் புதுச் சட்டை போட்டுச் சிரிக்கவே வைத்துவிடும். இங்கே எனக்குக் கொஞ்சம் தயக்கம். ரெய்லாண்டரிலிருந்து டவுன் ஸ்டூடியோக்காரர் வரை ஒட்டிய ஒவ்வொரு துண்டும் என்றோ ஒரு நாள் ஒரு நிஜ ஆள் கேமரா முன் நின்றபோது விழுந்தது. மென்பொருள் வரையும் சிரிப்பு அப்பா சிரித்தது இல்லை.

அதனால் இரண்டு காரியம் செய்யுங்கள். சேர்ப்பதற்கு முன் இருந்த மூலப் படங்களைத் தூக்கிப் போடாதீர்கள். பிறகு, அச்சுப் போட்ட படத்தின் பின்பக்கம் பென்சிலால் எழுதுங்கள்: சேர்த்த படம், அப்பா இந்த வருஷம் இந்த இடத்தில், மற்றவர்கள் இந்த வருஷம் இந்த இடத்தில். டைடிங்ஸ் படத்தில் அடிக்குறிப்பு பயன்படவில்லை என்பது உண்மைதான். அது ஏமாற்றுவதற்கென்றே செய்த படம், குறிப்பு ஒப்புக்குப் போட்டது. வீட்டில் அப்படி இல்லை. ஆல்பத்தைப் புரட்டும் பிள்ளை ஒரு நாள் பின்பக்கத்தையும் திருப்பிப் பார்க்கும்.

பழைய படங்களுக்கும் இது பொருந்தும். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது கூடத்துச் சுவர் படங்களைக் கழற்றித் தூசி தட்டும் சாக்கில், எது சேர்ந்து எடுத்தது, எது சேர்த்தது என்று பெரியவர்களைக் கேட்டு எழுதிவைத்துவிடுங்கள். கேட்டுத் தெரிந்துகொள்ள அவர்கள் இருக்கும்போதே.